பக்கக் கணக்கு

நான் ஸ்கேனிங் வேலையில் சேர்ந்த காலத்தில் கூலி, பக்கத்துக்கு இத்தனை பைசா என்றுதான் இருந்தது. ஷிஃப்டு முடியும் நேரத்தில் சூப்பர்வைசர் வந்து எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போவார். வெற்றுப் பக்கம் கணக்கில் சேராது. அட்டை சேராது. கடைசியில் வரும் விளம்பரங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அடிக்கடி சண்டை நடக்கும். மடித்து ஒட்டியிருக்கும் வரைபடத்தைக் கிழியாமல் விரித்து எடுக்க நேரம் பிடிக்கும். கணக்கிலோ அது ஒற்றைப் பக்கம். அதனால் யாரும் விரிக்க மாட்டார்கள். பிற்பாடு ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மின்னாக்கப் பிரிவுக்கு மாறி, வரலாறும் இலக்கியமும் சமூகவியலும் ஆராய்பவர்களுக்கு நேராக வேலை செய்ய ஆரம்பித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இந்தக் கணக்கில் விட்டுப்போனவற்றைத் தேடித்தான் அவர்களில் பாதிப்பேர் வருகிறார்கள்.

நான் ஸ்கேனிங்கில் சேர்ந்தது 2000க்குப் பிந்தைய ஆரம்ப ஆண்டுகளில். பெங்களூர் அல்சூரில் வளர்ந்த எனக்குத் தமிழ் வீட்டில் வந்தது, கன்னடம் தெருவிலும் பள்ளியிலும் வந்தது, ஆங்கிலம் கல்லூரியில் ஒட்டிக்கொண்டது. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் உள்ள ஐ.டி. கம்பெனிகளில் இந்த மொழியறிவுக்குப் பெரிய மதிப்பில்லை. ஸ்கேனிங் கடையில் இருந்தது. கன்னட நூலைத் தலைகீழாக வைத்து எடுக்காத ஆள் வேண்டுமே!

அந்த நாளில் பெங்களூரில் இந்தத் தொழிலுக்கு ஒரு மவுசு வந்தது என்றால் அதற்குக் காரணம், ஊர்க்காரர்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த ராஜ் ரெட்டி, பத்து லட்சம் புத்தகங்களை மின்வடிவில் கொண்டுவரும் திட்டத்தைக் கிளப்பினார். அதன் இந்தியப் பகுதியைப் பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் இங்கிருந்து நடத்தினார். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா என்ற பெயரில் அந்தத் தளத்தை 2003 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். ஹைதராபாத், திருப்பதி, சென்னை என்று நாடெங்கும் மையங்கள் முளைத்தன. புத்தகத்தை மல்லாக்க விரித்து வைத்தால் மேலிருந்தே படம் பிடிக்கும் மினோல்டா பி.எஸ். 7000 எந்திரத்தின் பெயர் எங்களைப் போன்ற சிறு ஒப்பந்தக்காரர்களின் வாயிலும் புழங்க ஆரம்பித்தது.

அந்தக் காலத்துத் தரம் 600 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறத்துக்கே இடமில்லாத கறுப்பு வெள்ளை: ஒவ்வொரு புள்ளியும் ஒன்று மை, இல்லாவிட்டால் தாள். கோப்பு சின்னதாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் விலையும் இணைய வேகமும் அன்று இருந்த நிலையில் அதற்கு மேல் ஆசைப்பட முடியாது. நல்ல தாளில் அச்சான புத்தகம் கண்ணாடி மாதிரி வரும். பழுத்துப்போன தாள் என்றால் கறை, மடிப்பு, பூச்சி அரித்த இடம் எல்லாம் மையாகிவிடும். புகைப்படங்களில் ஆளின் சட்டைப் பொத்தான் தெரியும், முகம் தெரியாது. இதைக் குறை சொல்லாத ஆராய்ச்சியாளரை நான் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து சொல்லியிருக்கிறேன்.

பெயர்ப் பட்டியல் அதைவிடப் பாடு. நூல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிப்பதுதான் அன்று எல்லா இடத்திலும் வழக்கம். ழகரத்தை ஒருவர் எல் என்பார், இன்னொருவர் இசட்-ஹெச் என்பார், தமிழே தெரியாத மூன்றாமவர் தோன்றியதை அடிப்பார். ஆசிரியர் பெயருக்கு உரிய கட்டத்தில் பதிப்பாசிரியரும், பதிப்பகத்துக்கு உரிய கட்டத்தில் அச்சகமும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எங்களிடம் வருபவர்களுக்கு முதல் வகுப்பே தேடுவது எப்படி என்பதுதான். தலைப்பை முழுதாக அடிக்காதீர்கள். ஆசிரியர் பெயரில் மாறாமல் நிற்கக்கூடிய நாலு எழுத்தைப் பிடியுங்கள். ஆண்டை நம்பலாம், பக்க எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம். இதைக் கற்றுக்கொண்டவர்கள், பட்டியலில் இல்லவே இல்லை என்று முடிவுகட்டிய புத்தகங்களை எல்லாம் கண்டுபிடித்தார்கள்.

டிஜிட்டல் லைப்ரரி தளத்தில் படிப்பதும் எளிதாக இல்லை. டிஃப் கோப்பைக் காட்ட உலாவியில் தனியாக ஒரு பிளக்-இன் போட வேண்டும். பக்கம் பக்கமாகத்தான் வரும். நம் பையன்கள் சும்மா இருப்பார்களா? முழுப் புத்தகத்தையும் இழுத்துச் சேர்க்கும் சிறு நிரல்களை எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். 2017 வாக்கில் அந்தத் தளம் நின்றுபோனது. அதற்குள் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பின் கார்ல் மலமுட் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களை நகலெடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றியிருந்தார். இன்றும் பழைய தமிழ்நூல் ஒன்றை அங்கே திறந்தால் முகவரியில் டி.எல்.ஐ. என்றும் 2015 என்றும் ஒரு வால் தொங்கும். அது இந்தப் பரம்பரைச் சொத்து.

தொழில்காரனாக எனக்கு இதில் ஒரு கசப்பும் உண்டு. எல்லோரும் திட்டிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பல இடங்களில் நகலாகி உயிரோடு இருக்கின்றன. அதே ஆண்டுகளில் நகரத்து நிறுவனம் ஒன்றுக்காக முழு வண்ணத்தில், நிற அட்டை வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்து நாங்கள் எடுத்துக் கொடுத்தவை ஹார்ட் டிஸ்குகளில் அலமாரிக்குப் போயின. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளருக்காகத் தேடியபோது அவற்றில் பலவும் சுழலவே இல்லை. யாருக்கும் கொடுக்காமல் பத்திரப்படுத்தியதால் பத்திரமாக இல்லாமல் போனது.

இனி, கணக்கில் சேராத பக்கங்களுக்கு வருகிறேன். தமிழ் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எப்படி விற்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் ஒருமுறை வந்தார். நாவல் அவருக்கு வேண்டாம். அது ஏற்கனவே பி.டி.எஃப். ஆகக் கிடைத்துவிட்டது. "சார், கடைசி நாலு பக்கம் இருக்குமே, அது எடுத்துத் தர முடியுமா?" என்றார். அந்தப் பக்கங்களில் பதிப்பாளரின் மற்ற நூல்கள், விலை, வி.பி.பி. தபாலில் வரவழைக்கும் விதம், எந்த ஊரில் யார் ஏஜென்ட், கூந்தல் தைலம், தாது புஷ்டி லேகியம் எல்லாம் இருந்தன. இணையத்தில் கிடைத்த பிரதி நாவலின் கடைசி வரியோடு முடிந்திருந்தது. அதை எடுத்த ஆபரேட்டர் என்னைப் போல ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பத்திரிகைகளில் இது இன்னும் மோசம், அதற்கு ஸ்கேனிங்காரர்கள் மட்டும் காரணம் இல்லை. நூலகங்கள் வருடாந்தரத் தொகுதியாக பைண்டு செய்யும்போது அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் உருவிவிட்டுத்தான் பைண்டருக்கு அனுப்புவது வழக்கம். தொகுதி ஒல்லியாகும், செலவு குறையும். பொருளாதார வரலாறு எழுதுபவருக்கு வேண்டிய சோப்பு விலை அங்கேயே போய்விடும். அதனால் பைண்டு செய்த தொகுதியைவிட, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் உதிரியாகக் கிடக்கும் இதழ்கள்தான் எங்களுக்குப் பெரிது. சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தானே.

வரைபடக் கதையும் அதே ஜாதி. கண்டோன்மென்ட் பகுதியின் தண்ணீர் வரலாற்றை எழுதிய மாணவர் ஒருவர், பழைய அரசு அறிக்கை ஒன்றின் மின்பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். ஏரிகளின் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் மடித்த தாளின் முதுகு மட்டும் தெரிந்தது. கூகுள் பெரிய அளவில் எடுத்த புத்தகங்களிலும் மடிப்புப் படங்கள் விரிக்கப்படாமலே போயிருப்பது உலகம் அறிந்த விஷயம். அதன் பிறகு எங்கள் டெண்டரில் ஒரு வரி சேர்த்தேன்: மடிப்புப் படம் ஒன்றை விரித்து எடுத்தால் ஐந்து பக்கக் கூலி, அட்டை, முதுகு, வெற்றுப் பக்கம், விளம்பரம் எல்லாம் பக்கமே. கணக்குப் பிரிவில் புருவத்தை உயர்த்தினார்கள். வெற்றுப் பக்கத்துக்கு எதற்குப் பணம் என்று ஆடிட்டர் கேட்டார். வெற்றுப் பக்கம் இல்லாவிட்டால், அடுத்த பக்கம் காணாமல் போனதா இல்லை முதலிலிருந்தே காலியா என்று படிப்பவருக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பு மூன்று மேசை தாண்டி ஒரு வழியாக ஒப்புதல் வந்தது. அடுத்த மாதமே ஆபரேட்டர்கள் மடிப்புப் படம் உள்ள புத்தகமாகத் தேடிப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பைண்டிங்கை அறுப்பதா கூடாதா என்பது இந்தத் தொழிலின் ஓயாத வழக்கு. பக்கவாட்டில் துளையிட்டு இறுக்கித் தைத்த புத்தகத்தை எவ்வளவு அமுக்கினாலும் உள்ளோரத்து எழுத்து விழாது. கட்டிங் மிஷினில் முதுகை ஓர் அறுப்பு அறுத்துவிட்டால் உதிரித் தாள்களை ஃபீடரில் போட்டு மணிக்கு எத்தனையோ பக்கம் தள்ளலாம். ஒரு சின்னப் படிப்பகத்தில் நூல்களை எடுக்கப் போயிருந்தபோது அங்கிருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, நீங்க எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு இதைப் படிக்க வர்றவனுக்கு நான் கட்டு கட்டா காகிதத்தையா கொடுக்கறது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தாளில் அச்சான நூல்கள் அங்கே நிறைய. மூலையை மடித்தால் அப்பளமாக ஒடியும். அவற்றை அறுத்தால் திரும்பக் கட்டவே முடியாது. வி வடிவத் தொட்டிலில் பாதி திறந்து வைத்து, கண்ணாடியை மெல்ல இறக்கி, இரண்டு கேமராவால் இரண்டு பக்கத்தையும் எடுத்தோம். செல்லோடேப் ஒட்டிய பக்கங்கள்தான் உயிரை எடுத்தன. பசை காய்ந்து எழுத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். பூச்சியைக்கூட மன்னிக்கலாம், செல்லோடேப்பை மன்னிக்க முடியாது.

வி தொட்டில் இப்போது நகரத்தில் பல இடங்களில் இருக்கிறது. இந்திய அறிவியல் அகாடமியின் ஆதரவோடு இன்டர்நெட் ஆர்க்கைவும் மலமுட்டின் அமைப்பும் சேர்ந்து நடத்தும் ‘சர்வன்ட்ஸ் ஆஃப் நாலெட்ஜ்’ திட்டத்தில், காலால் பெடலை மிதித்துக் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் எந்திரங்களில் கன்னட நூல்களும் பிற நூல்களும் தொடர்ந்து எடுக்கப்படுகின்றன. 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி இன்னும் ஒரு படி போய், பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்கிறது. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்னாடிகா பெங்களூர்த் தொகுதியைப் புரட்டினால் இந்த ஊரில் எத்தனை தமிழ்க் கல்வெட்டுகள் என்று தெரியும். அந்தக் கற்களில் பல இன்று ரோட்டோரத்தில் நிற்கின்றன.

சட்டம் தெரியாமல் இந்த வேலையில் ஒரு நாள் ஓட்ட முடியாது. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி தொடங்கி 60 ஆண்டு பதிப்புரிமை. முன்பு 50 ஆக இருந்தது. தாகூரின் உரிமை 1991 முடிவில் காலாவதியாக இருந்த வேளையில் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். கல்கியும் புதுமைப்பித்தனும் எப்போது மறைந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். 1930களில் இரண்டு துப்பறியும் நாவல் எழுதிவிட்டுக் காணாமல் போனவர் எப்போது இறந்தார்? பேரப் பிள்ளைகளைத் தேடி நாங்கள் அல்லாடியிருக்கிறோம். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர்கள் பட்டியல் இந்த இடத்தில் பெரிய வரம். வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்கும் அந்த வழி இருப்பதால்தான் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் தமிழ் விக்கிமூலமும் தைரியமாக முழு நூலையும் போட முடிகிறது. உரிமை உள்ள நூலென்றால் ஓர் அத்தியாயம், அதுவும் கேட்டவரின் சொந்த ஆய்வுக்கு. டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி கடை வழக்கில், பாடத்துக்காக நூற்பகுதிகளை நகலெடுத்துத் தொகுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் 2016இல் சொன்ன பிறகுதான் பல நூலகர்களுக்கு மூச்சு வந்தது.

2020 ஊரடங்கில் படிப்பறைகள் மூடியதும் கோரிக்கைகள் மலையாகக் குவிந்தன. ஆய்வேடு கெடு நெருங்கிய மாணவர்கள் இரவெல்லாம் போன் செய்தார்கள். முடிந்ததைச் செய்தோம். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அதே ஆண்டு இன்னொன்று நடந்தது. என் கணக்கில் அதுதான் பெரிது. அதுவரை இன்டர்நெட் ஆர்க்கைவில் தமிழ், கன்னட நூல்களின் விவரப் பக்கத்தில், இந்த மொழியை எழுத்துணரி படிக்காது என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். அவர்கள் டெசரக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளுக்கு மாறியதும் லட்சக்கணக்கான இந்திய நூல்கள் ஒரே வீச்சில் தேடக்கூடியவை ஆயின. இதற்கு வெகுகாலம் முன்பே டாட்டா இன்ஸ்டிடியூட்டில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகம் தமிழ், கன்னட எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) செய்துகொண்டிருந்தது. கன்னடத்தில் வரிக்குக் கீழே தொங்கும் ஒத்தெழுத்துகளைத் தனி வரியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க எந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தமிழில் வேறு தொல்லைகள். பழைய அச்சில் சொற்கள் சேர்ந்தே ஓடும். பல நூல்களில் ஒற்றுக்குப் புள்ளி இருக்காது. ௧ என்ற எண்ணை க என்றும் ௨ என்ற எண்ணை உ என்றும் எந்திரம் படிக்கும்.

இந்தத் தொல்லை ஆய்வுக்குள்ளேயே எப்படிப் புகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. நூறு வருடத் தமிழ் இதழ்களில் அரசியல் சொற்கள் எப்படிப் பெருகின என்று எண்ணிக்கொண்டிருந்தார் ஓர் ஆய்வு மாணவர். அவருடைய வரைபடத்தில் ‘தலைமை’ என்ற சொல் ‘குடி அரசு’ இதழில் 1935க்குப் பிறகு சட்டென்று எழுந்தது. மற்ற இதழ்களில் 1980களில்தான் எழுந்தது. சுயமரியாதை இயக்கமே இந்தச் சொல்லைப் பரப்பியது என்று அத்தியாயமும் எழுதிவிட்டார். வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு சந்தேகம். மூலப் படங்களை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைப் புகுத்தியது 1935. அதைத் தமிழ்நாட்டு அரசு ஏற்று ஆணையிட்டது 1978. பழைய அச்சில் ‘லை’ என்ற எழுத்துக்கு யானைத் தும்பிக்கை போல மேலே ஒரு சுழி. புதிய எழுத்தைப் படித்தே பழகிய எந்திரத்துக்கு அந்தச் சுழி தெரியாது, என்னென்னவோ எழுத்தாக்கிவிடும். அவர் எண்ணியது சொல்லை இல்லை, அச்செழுத்தின் வடிவத்தை. பாவம், அத்தியாயம் போயிற்று. ஆனால் பழைய எழுத்தில் உள்ள பக்கங்களைக் கையால் திருத்தி எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் எங்களுக்கு மாதக்கணக்கில் உதவியதும் அதே மாணவர்தான்.

இப்போது கோரிக்கைகளின் முகமே மாறிவிட்டது. ஒரு பக்கம், ஓர் அத்தியாயம் என்று கேட்டது போய், ஆயிரம் நூலின் எழுத்துக் கோப்பு மொத்தமாக வேண்டும் என்கிறார்கள். படத்தைப் பார்த்து உரையை அப்படியே அடித்துக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. பழைய எழுத்து, சேர்ந்து ஓடும் சொல் எதற்கும் அவை அசருவதில்லை. எனக்கு அவற்றிடம் உள்ள பயம் வேறு. பழைய ஓ.சி.ஆர். தப்பு செய்தால் குப்பையாக வரும். பார்த்த உடனே தெரிந்துவிடும். புதியது தப்பு செய்தால் அழகான தமிழில் செய்கிறது. மங்கிய இடத்தில் பொருந்துகிற சொல் ஒன்றைத் தானே போட்டு நிரப்புகிறது. 1890களின் எழுத்துக்கூட்டலை இன்றைய எழுத்துக்கூட்டலாகத் திருத்தியும் விடுகிறது. அதனால் ஒவ்வொரு எழுத்துக் கோப்போடும் பக்கப் படத்தின் எண், எந்தக் கருவி, எந்தத் தேதியில் எடுத்தது என்ற மூன்றையும் கட்டாயம் சேர்த்தே கொடுக்கிறோம். சரிபார்ப்பவர்களிடம் ஆட்பெயர், ஊர்ப்பெயர், தொகை இந்த மூன்றை முதலில் பார்க்கச் சொல்கிறேன். வாக்கியத்தின் போக்கை வைத்து ஊகிக்க முடியாதவை அவை.

அண்மையில் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பழைய பட்டியலை ஒரு வரலாற்றாய்வாளர் இப்படிக் கருவி வைத்து எடுத்தார். மங்கிப்போன வரிகளில் இருந்த முதலியார்களும் பிள்ளைகளும், பட்டியலில் அதிகம் வரும் வேறு பெயர்களாக ஆகியிருந்தார்கள். மொத்தத் தொகை மட்டும் கூட்டலில் உதைத்தது. படங்கள் கையில் இருந்ததால் அவரே கண்டுபிடித்தார். அந்தப் பட்டியலை இப்போது எங்கள் பிரிவில் இரண்டு பேர், ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்ய, கையாலேயே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள்.